நம்மவீடு புள்ளி ஹோம்

அந்தப் பெயர் சின்னவளின் அறையில் திறந்தது. கூடத்தில் திறக்கவில்லை.

"பாப்பா, கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லுதே," என்றார் அப்பா, போனை ஒரு கை தூரத்தில் நீட்டிப் பிடித்தபடி. "எதைக் கண்டுபிடிக்க முடியலையாம்?"

"நம்ம வீட்டைத்தான்ப்பா."

"நாம வீட்டுக்குள்ளயே நின்னுக்கிட்டு இருக்கோமே!"

சின்னவள் நகத்தைக் கடித்தாள். பகலில் மருந்துக்கடையில் பில் போடுகிறவள், மாலையில் நெட்வொர்க் வகுப்புக்குப் போகிறவள். திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்றைத் தன் அறை அலமாரியில் உட்கார வைத்து, அதை வீட்டுக்கு ஒரு சர்வராக்கி, குடும்பத்துப் படங்களையெல்லாம் அதில் ஏற்றியிருந்தாள். ஆனால் அதைத் திறக்க நீளமாக ஓர் எண்ணை அடிக்க வேண்டும். அப்பாவுக்கு எண் என்றாலே ஆகாது. அதனால் அதற்கு 'நம்மவீடு' என்று பெயர் வைத்து, ஒரு புள்ளி போட்டு, 'ஹோம்' என்று முடித்தாள். யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் சர்வரிடம் விசாரிக்கும்படி, வைஃபை தரும் ரவுட்டரிலும் தன் அறையிலிருந்தபடியே மாற்றி வைத்தாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, ஒவ்வொரு படியையும் இரண்டு முறை சரிபார்த்து.

அடுத்த நிலை வகுப்பில் சேர நாளைதான் கடைசி நாள். இன்று அப்பாவின் போனில் அந்தப் பெயர் திறந்தால் சேர்வது; திறக்காவிட்டால், இது நமக்கு வராது என்று ஒதுங்கிக்கொள்வது. யாரிடமும் சொல்லாமல் அவள் தனக்குள் போட்டுக்கொண்ட கணக்கு இது.

அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவர் காலையிலேயே தெருவில் பாதிப் பேரை நிறுத்தி, "என் பொண்ணு வீட்டுக்குள்ளயே ஒரு வெப்சைட் கட்டியிருக்கா, போட்டுப் பாருங்க," என்று பெயரைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வெளியில திறக்காதுப்பா. நம்ம வீட்டுக்குள்ள மட்டுந்தான்."

"திறக்கலைன்னா என்ன? பொறாமைப்படட்டும்."

சாயங்காலம் அத்தையும் மாமாவும் வருகிறார்கள். மாமா கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். "சாயங்கால வகுப்புல மவுஸ் பிடிக்கத்தான் சொல்லித் தருவாங்க," என்று போன முறை சிரித்தவர்.

சின்னவள் முதலில் அப்பாவின் போனை அணைத்துப் போட்டாள். போன் எழுந்ததும் திறப்பதற்கு நாலு எண் கேட்டது. அப்பா விழித்தார்.

"நீங்கதானே வச்சீங்க?"

"வச்சேன். என்னன்னுதான் தெரியல."

"என் பிறந்த நாளுங்க," என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதான் மறந்துட்டீங்க."

போன் திறந்தது. பெயர் திறக்கவில்லை. போதாக்குறைக்கு அப்பா சமையலறைப் பக்கமே போக முடியாத நிலை.

அடுத்து, போனும் கூடத்து டிவியும் பழைய விவரத்தை ஞாபகம் வைத்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, இரண்டையும் வைஃபையை மறக்கச் செய்தாள். இரண்டும் ஒழுங்காக மறந்தன. போனில் பாஸ்வேர்டை மறுபடி போட்டாள். இணைந்தது, பெயர் மட்டும் வரவில்லை. டிவிக்கு ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினாள். மூன்று தடவை தப்பாகப் போனதும் டிவி கோபித்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டது.

'எல்லாம் என் தப்புதான். எந்தத் தப்புன்னுதான் தெரியல,' என்று நினைத்தபடி, கடைசி அஸ்திரமாக ஓர் ஊசியை எடுத்து, கூடத்து ரவுட்டரின் பின்னாலிருந்த சின்னத் துளையில் குத்தினாள். ரவுட்டர் பிறந்த கோலத்துக்குத் திரும்பி, ஒற்றைச் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்துகொண்டது.

சமையலறையில் சித்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த அம்மா அலறினாள். "அடியே! அந்தக் கல்யாண மாப்பிள்ளை யாரோட ஓடிப்போனான்னு சொல்ல வாயைத் திறந்தா, அப்படியே நின்னுட்டா!"

வாசல் மணி அடித்தது.

"உன் ரூம்லயாவது வருதா?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

சின்னவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். வந்தது. ரவுட்டர் செத்துக் கிடக்கிறது, இங்கே படங்கள் பளபளவென்று வருகின்றன.

"வருதுப்பா. ஆனா ஏன் வருதுன்னு புரியல."

"வரலைன்னாத்தான் ஏன்னு கேக்கணும். மாப்பிள்ளை, வாங்க வாங்க! காபி அப்புறம், முதல்ல பாப்பா ரூமுக்கு வாங்க!"

மாமாவும் அத்தையும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அம்மா கதவோரம் நின்றாள். அப்பா பெயரை உரக்கச் சொல்ல, மாமா சின்னவளின் வகுப்பு லேப்டாப்பில் அடித்தார். திறந்தது. அப்பாவின் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

"எண்ணே கிடையாது மாப்பிள்ளை. வெறும் பேரு!"

"நல்லாத்தான் இருக்கு மச்சான்," என்ற மாமா, தன் போனையும் அங்கேயே வைஃபையில் இணைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "அங்க ஒண்ணும் வரல. ஒரு ரூமுக்குள்ள மட்டும் தெரிஞ்சா அது நம்மவீடு இல்லம்மா, நம்ம ரூமு."

அத்தை சிரித்தாள். அந்த நேரம் பார்த்து லேப்டாப்பிலும் படம் நின்றது. வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

"இப்ப ரூமும் போச்சு," என்றார் மாமா.

"வரும் மாப்பிள்ளை. என் பொண்ணு செஞ்சா வரும்," என்றார் அப்பா. அவர் குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அதுதான் சின்னவளைக் குத்தியது. "விடுங்கப்பா. இது எனக்கு வராது. நாளைக்கு நான் வகுப்புல சேரப்போறதில்ல."

சற்றைக்கெல்லாம் வட்டம் மறைந்து, படங்கள் தாமாகத் திரும்பி வந்தன. அதைக்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணே!" என்று கூப்பிட்டபடி பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு நாடா, கையில் போன், முகமெல்லாம் சிரிப்பு. "படகுல ஏறப்போய்த் தண்ணிக்குள்ள விழுந்தீங்களாமே! சொல்லவே இல்ல?"

அப்பா திடுக்கிட்டார். "உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதானே பேரு குடுத்தீங்க? காலையில இருந்து உங்க படங்களைப் பாத்துக்கிட்டே இருக்கோம். எங்க கூடத்துல வருது, சமையலறையில வருது, மொட்டை மாடியிலகூட வருது."

மாமா எழுந்து நின்றுவிட்டார். "உங்க வீட்ல எப்படிம்மா வரும்?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு. இப்ப மிஷினுக்கு பிளக் வேணும்னு எங்க ரவுட்டரைக் கழட்டினேன், படம் நின்னுடுச்சு. மறுபடி மாட்டினேன், வந்துடுச்சு. அப்பதான் பிடிபட்டுச்சு."

மாமா லேப்டாப்பைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார். சின்னவள் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

அக்கா அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "கனெக்ஷன் குடுக்க வந்த ஆளு ரெண்டு வீட்டு வைஃபைக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வச்சுட்டுப் போனான், உன் ரூமும் எங்க சுவத்துக்கு அந்தப் பக்கந்தான், அங்க எங்க வைஃபைதான் பிடிக்குது. நீ எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருக்க பாப்பா, எங்க வீட்டுக்கு!"