போட்டோ மாமா பல்கேரியா போன கதை

பா நகரத்திலிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போன அத்தனை பேரையும் கடைசியாக ஒருமுறை அதட்டி அனுப்பிய பெருமை ஒரே ஒருவரைத்தான் சேரும். அவர் போட்டோ மாமா. அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அதைக் கேட்கும் தைரியம் எனக்குத் தெரிந்து யாருக்கும் வந்ததில்லை.

ஃபிஜியில் கரும்பாலைப் புகை படிந்த ஊர் பா. அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. கல்யாணப் போட்டோ எடுக்கத்தான் கடை வைத்தார் பாவம். நாட்டில் ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்ததும் இந்திய வம்சத்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்ப ஆரம்பித்தார்கள். சிட்னியோ ஆக்லாந்தோ வாங்கூவரோ, எங்கே போவதானாலும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டுமே. மாமாவின் கடைக்கு நல்ல காலம் பிறந்தது. அந்த நல்ல காலத்தை அவர் மனதார வெறுத்தார்.

"குந்து. நேரா பாரு. பல்லைக் காட்டாதே, நீ இன்னா கண்ணாலத்துக்கா போறே? எந்த ஊரு?"

"சிட்னி மாமா."

"அங்க இன்னா கீது?"

"தங்கச்சி இருக்கு மாமா."

"அது இங்க பக்கத்து ஊரு தவுவாவுல இருந்தப்போ ஒரு நாளு போயி பாத்தியா நீ? இப்போ பிளேன் ஏறிப் போயி பாக்கப் போறானாம்!"

இந்த அதட்டலில் முகம் சுருங்கும் அந்த ஒரு நொடியில்தான் அவர் பொத்தானை அழுத்துவார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே பாஸ்போர்ட்டில் தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. அவருக்குப் பிடிக்காத ஆளென்றால் போட்டோ ஒரே தடவையில் கச்சிதமாக வந்துவிடும். பிடித்த ஆளென்றால் ஒரு கண் மூடியிருக்கும், காது தெரியாது, பின்னால் நிழல் விழும். விசா ஆபீசிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று ஊரே பேசிக்கொண்டது. பிற்பாடு சிட்னியில் நம்மவர்கள் கூடும் இடங்களில் "என் போட்டோ நாலு தடவை திரும்பி வந்தது தெரியுமா?" என்று பீற்றிக்கொள்வது ஒரு அந்தஸ்தாகவே ஆகிவிட்டதாம்.

போட்டோவோடு யோசனைகளும் கொடுப்பார். ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியின் நடுவில் வைத்துச் சுற்றிலும் உள்பாடியைத் திணி. பிளேனில் ஜன்னல் சீட் கேட்காதே, எழுந்து போக முடியாது. குளிர் ஊரில் காதை மூடு, மூக்கு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். இத்தனைக்கும் மாமா அதிகபட்சம் போனது தலைநகர் சுவா வரைக்கும்தான். அதுவும் பஸ்ஸில், வாந்தி எடுத்துக்கொண்டே.

நான் அதே தெருவில் ஒரு இரும்புக் கடையில் குமாஸ்தா. வீடு ஊரை ஒட்டிய வரதோலியில். மாமா வீடும் நாலு வீடு தள்ளித்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவன் நான். ஆனால் வீட்டில் மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஃபிஜி இந்திதான் பேச்சு. என்னோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக விமானம் ஏறிப் போய், கடைசியில் மிச்சமிருந்தவர் மாமா ஒருவர்தான். அவர் பேசியதில் முக்கால்வாசி திட்டு. இருந்தாலும் தமிழ்த் திட்டாயிற்றே.

இரண்டாயிரமாவது வருடம் சுவாவில் சிலர் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து, நம்மவரான பிரதமரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஊர் மறுபடியும் காலியாக ஆரம்பித்தது. எங்கள் கூரையில் ஒருநாள் கல் விழுந்தது. அன்றிலிருந்து என் மனைவி ராதாவுக்குத் தூக்கம் போயிற்று. அவளுடைய அண்ணன் ஆக்லாந்தில் இருக்கிறார். வா வா என்று வாரம் தவறாமல் போன். எனக்குப் போக மனசில்லை. பிறந்த ஊர், நானே நட்ட மாமரம், பா அணியின் கால்பந்து மேட்ச், இதையெல்லாம் விட்டுவிட்டு ஆக்லாந்தில் போய்க் குளிரில் பல் கிட்டித்து நிற்கவா?

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கிளார்க்கு, நான் பல்கேரியா போறேன். ஒரு வாரம். சுத்திப் பாத்துட்டு வந்துர்றேன்."

எங்கள் ஊரில் 'சுத்திப் பார்த்துட்டு வரேன்' என்றால் என்ன அர்த்தம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். சிட்னிக்கு ஒரு கல்யாணத்துக்கு என்று போனவர்கள் அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அதனால் தெருவில் உடனே காரியங்கள் நடக்க ஆரம்பித்தன. எதிர்வீட்டு அம்மாள் மாமாவின் பிரிட்ஜைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னொருவர் மாமாவின் கோழிகளுக்குத் தானாகவே தீனி போட ஆரம்பித்தார், பழக்கப்படுத்த வேண்டுமாம்.

பல்கேரியா எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. உலகப் படத்தில் தேடினேன். கிரீசுக்கு மேலே, ருமேனியாவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. போகிற வழியோ அதைவிட மர்மம். சிட்னி வழியாகப் போகாமல் கொரியா போய், அங்கிருந்து ஜெர்மனி போய், அப்புறம் பல்கேரியாவாம். இது கனடாவுக்குப் புறவாசல் வழி என்று இரும்புக் கடையில் தீர்ப்பு ஆயிற்று.

ராதா அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது இந்தியில். தமிழில் எழுதினால் கொஞ்சம் மரியாதையாகத் தெரியும்.

"இந்த ஊர்ல பயப்படாத ஆளு அவர் ஒருத்தர்தான். அவரே ஓடிட்டா நாம எதை நம்பி இருக்கறது? அவர் திரும்பி வந்தா நாமளும் இங்கேயே இருக்கலாம், நான் வாயே தெறக்க மாட்டேன். வரலேன்னா அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடறேன். நீங்களும் கிளம்பணும்."

நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன். என் வீடு, வேலை, மாமரம் எல்லாம் போட்டோ மாமாவின் ரிட்டர்ன் டிக்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

மாமா போனார். அந்த வாரம் முழுக்க ஸ்டுடியோ மாடியைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். நடுவில் ஒருவர் வந்து, மாமாவை வாங்கூவரில் மச்சினன் வீட்டுத் தோட்டத்தில் யாரோ பார்த்ததாகச் சொன்னார். கேட்டதும் ராதா சமையலறைக்குள் போனாள். பாத்திரங்களைப் பெரியது, சிறியது என்று பிரித்து அடுக்க ஆரம்பித்தாள்.

அவர் வருவதாகச் சொன்ன நாளன்று கடை வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு நாடி விமான நிலையத்துக்குப் போனேன். கொரியா விமானம் வந்துவிட்டது. காதில் பூ வைத்த பாட்டுக்காரர்கள் கிதார் வாசித்து "புலா, புலா" என்று வரவேற்றார்கள். ஒரே மாதிரிச் சட்டை போட்ட கொரியாப் புதுமணத் தம்பதிகள் ஜோடி ஜோடியாக வந்தார்கள். அப்புறம் வியாபாரிகள். அப்புறம் விமானப் பணிப்பெண்கள். அப்புறம் யாரும் வரவில்லை. பாட்டுக்காரர்கள் கிதாரைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஆக்லாந்தில் குளிர்காலம் எந்த மாதம் ஆரம்பிக்கிறது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது கதவுக்குள்ளே இருந்து ஒரு குரல்.

"மோந்து பாரு! பால்ல செஞ்ச வெள்ளைப் பன்னீரு கட்டிதான் அது! வெடிகுண்டா எடுத்தாந்தேன்?"

அந்தக் குரலைக் கேட்டு அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். நான் அப்படியே பக்கத்திலிருந்த தள்ளுவண்டியில் உட்கார்ந்துவிட்டேன். பன்னீர்க் கட்டியைச் சுங்கத்தில் பறிகொடுத்த மாமா, தலையில் ஒரு கம்பளித் தொப்பியோடு வெளியே வந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"எழுந்திரு, பெட்டி வைக்கிற வண்டி அது. நீ பல்கேரியா போறதா இருந்தா ரப்பர் அடி வெச்ச ஷூ எடுத்துனு போ. அந்த ஊரு தெருவெல்லாம் கல்லு. மழை பேஞ்சா வழுக்கும்."

வேன் வழியிலிருந்த லௌடோகா நகரத்தைத் தாண்டும்வரை பல்கேரியா யோசனைகள் ஓயவில்லை. ஏர்போர்ட்டில் பணம் மாற்றாதே, ஊருக்குள் மாற்று, கையில் எவ்வளவு தருவாய் என்று கேட்டுவிட்டு நோட்டை நீட்டு. டிராமில் ஏறினால் டிக்கெட்டை அங்கே இருக்கும் மிஷினில் குத்திக்கொள், இல்லாவிட்டால் அபராதம். சோஃபியா நகரத்தின் நடுவிலேயே குழாயில் வெந்நீர் ஊற்று கொட்டுகிறது, பாட்டில் கொண்டுபோனால் இனாம். எழுத்து வேறு மாதிரி இருக்கும், ஊர்ப் பெயரை அவர்கள் எழுத்திலேயே ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறு. உப்புப் போட்ட மோர் கிடைக்கும், கறிவேப்பிலைதான் இல்லை.

"தலையை மட்டும் ஆட்டாதே கிளார்க்கு. அங்க ஆமான்னா பக்கவாட்டுல, இல்லேன்னா மேலயும் கீழயும். எல்லாம் தலைகீழு. ஓட்டல்காரி டீ வேணுமான்னு கேட்டா. ஆமான்னு ஆட்னேன், போயிட்டா. அப்பால நம்ம ஊரு ஆட்டம் ஒண்ணு கோணலா ஆட்னேன். அவ கொழம்பிப்போயி டீயும் குடுத்து கேக்கும் குடுத்துட்டா."

மலைமேல் ஒரு பழைய மடத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். அரைக்கால்சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நம் ஊர் சூலு வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு போனாராம். முழங்கால் மறைந்திருக்கிறதா என்று பார்த்த சாமியார், மேலும் கீழும் பார்த்துவிட்டு வழிவிட்டாராம். அதோடு விட்டிருக்கலாம். கீழே ஒரு கிராமத்தில் ராத்தங்கல்.

"ஊருக்குள்ள வெறுங்கையோட போவலாமா?" என்றார்.

ஃபிஜியில் எந்தக் கிராமத்துக்குள் போனாலும் முதலில் தலைவர் முன்னால் உட்கார்ந்து இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரில் ஒரு கட்டு வைக்க வேண்டும். அவர் கைதட்டி ஏற்றுக்கொண்ட பிறகுதான் நீ காலெடுத்து வைக்கலாம். மாமா பாவிலிருந்து ஒரு கட்டு வேரும் குடிக்கக் கொட்டாங்குச்சியும் சுமந்துகொண்டு போயிருக்கிறார். கிராமத்தில் பெரியவர் யார் என்று சைகையில் கேட்டு, மளிகைக் கடைக்காரர் வீட்டுக்குள் நுழைந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்துக் கைதட்டி, ஃபிஜி மொழியில் முழுப் பிரசங்கமும் செய்துவிட்டார்.

"கடைக்காரரு பொஞ்சாதி எனக்கு மயக்கம்னு நெனச்சி மூஞ்சில தண்ணி தெளிச்சா. பெரியவரு மரியாதை தெரிஞ்ச மனுசன். முட்டி கடகடன்னு சத்தம் போட அவரும் கீழ குந்திட்டாரு. பூண்டு இடிக்கிற உரல்ல வேரை இடிச்சி, கரைச்சிக் குடுத்தேன். ஒரு மொடக்கு குடிச்சாரு. நாக்கு மரத்துப்போச்சின்னு டாக்டரைக் கூட்டியாந்துட்டாங்க."

"ஐயோ! அப்புறம்?"

"இன்னா அப்பறம்? டாக்டருக்கும் ஒரு கொட்டாங்குச்சி."

வேன் ஓட்ட முடியாமல் சிரித்தேன். வழியில் கரும்பு ரயில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, அந்த வாரம் முழுக்கத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"உலகத்துல இத்தனை ஊர் இருக்க, ஏன் மாமா பல்கேரியா?"

கரும்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் ஒரு தபா வெளிய போயி பாக்கணும்னு ஆசைதான். ஆனா திரும்பி வரணுமே. சிட்னில மவன் கீறான், ஆக்லாந்துல மவ, கனடாவுல மச்சான். நம்ம ஆளு ஒருத்தன் இருந்தா போதும், உடுவானா? நாலு நாளு தங்கும்பான். அஞ்சாம் நாளு, அங்கயே தங்க மனு போடணும்னு வக்கீலு வூட்டுக்கு இஸ்துகினு போவான். கடைக்கு வந்தவன் அத்தினி பேரையும் எந்த ஊருன்னு கேட்டேன். பல்கேரியான்னு ஒருத்தனும் சொல்லல. சரி, அங்க போனா பத்திரமா திரும்பிடலாம்னு போனேன்."

"அதுக்குக் கொரியாவைச் சுத்தியா போகணும்?"

"சிட்னி வழியா போனா மவன் ஏர்போர்ட்டுக்கு வந்து நிப்பான். நின்னு அழுவான். அவன் அழுதா..." கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ரயிலு போயிட்ச்சி. எடு வண்டியை."

நான் எடுத்தேன். பா வரும்வரை ராதா போட்ட நிபந்தனையை அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை அரிசி இறங்கின மாதிரி இருந்தது எனக்கு.

வரதோலியில் வேன் சத்தம் கேட்டதும் கோழிக்காரர் வேலிக்குப் பின்னால் மறைந்துகொண்டார். எங்கள் வாசலில் ராதா நின்றிருந்தாள். மாமா இறங்கினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பொண்ணே, ஆக்லாந்து போறியாமே? நாளைக்குக் கடை தெறந்துருப்பேன். போட்டோ வோணும்னா வா."

ராதாவுக்குத் தமிழ் சரியாக வராது. தெரிந்த கொஞ்சத்தைத் தேடி எடுத்தாள்.

"போட்டோ வேணாம் மாமா. உள்ள வாங்க. சோறு இருக்கு."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் அவருடைய பெட்டியை இறக்க வேனுக்குப் பின்னால் போனேன். அந்தப் பெட்டியில் அப்படி ஒன்றும் கனமில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துத் துடைத்து அதை இறக்கி முடிக்க எனக்கு ரொம்ப நேரமாயிற்று.