பிள்ளைக்காம்பராவின் கடைசித் தொட்டில்

பேயை வைத்துப் பிள்ளைகளைக் கொழுக்க வைத்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தொட்டில் ஆயா.

தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கையில் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். பால் வெட்டப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா அந்த ஆயாவின் பொறுப்பு. கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். கடைசித் தொட்டிலில் மட்டும் பிள்ளை கிடையாது. ஆனாலும் அது ஆடும். இறப்பர் மரத்தில் ஓர் இலைகூட அசையாத மத்தியானத்திலும் ஆடும்.

காலையில் ஆயா பச்சைப்பசேலென்று கொலகெந்த காய்ச்சுவார். அந்த இலைக்கஞ்சியில் முதல் கிண்ணம் காலித் தொட்டிலுக்கு அடியில் போய்விடும். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொல்வார்: “குடிச்சிருங்க கண்ணுகளா. மிச்சம் வச்சா அவன் எறங்கி வருவான்.”

அடுத்த நிமிடம் எல்லாக் கிண்ணமும் கழுவி வைத்ததுபோல் இருக்கும். பிள்ளைகளை நிறுக்க வரும் மிட்வைஃப் அம்மா தராசைத்தான் சந்தேகப்படுவார்.

தொட்டிலடிக் கஞ்சியை ஆயாவின் நாய்தான் குடிக்கிறது என்று, பால் வெட்டை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சாதித்தார். ஆயாவிடம் நாயே இல்லை என்றதும் பூனைக்கு மாறினார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கப்போவதாகக் கிண்ணத்துக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர், கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது கிண்ணம் காலி. அவருடைய மீசையெல்லாம் கஞ்சி. பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூடச் சிரிக்கவில்லை.

“நீதானே பூசின?” என்று ஆயாவிடம் பாய்ந்தார்.

“நான் பீலியடியில துணி அலசிக்கிட்டு இருந்தேங்கய்யா.”

அதன்பிறகு கணக்கப்பிள்ளை காம்பராப் பக்கம் வராமல், சுற்றுவழியாகத்தான் வேலை நடக்கும் மலைக்குப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் என் மூன்று வயது மகள் சாப்பாட்டை வெறுத்தாள். காய்ச்சல் வந்துபோனதிலிருந்து எதை ஊட்டினாலும் துப்பினாள். விலா எலும்பு தெரிந்தது. இப்படியே போனால் பிள்ளை தாங்காது என்றார் கேகாலை டாக்டர்.

“ஸ்டாஃப் வீட்டுப் புள்ளைய பிள்ளைக்காம்பராவுல யாராச்சும் விடுவாங்களா?” என்றாள் என் மனைவி. யாரும் விடுவதில்லைதான். எனக்குக் கௌரவத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விட்டேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மகள் கடைசித் தொட்டிலை அண்ணாந்து பார்த்து, “நீ குடிச்சிட்டியா? சரி, இப்ப நான்” என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள், யாரோ பதில் சொல்வதுபோல. பிறகு கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே அழுகையும் வந்தது.

“யாரு ஆயா அதுக்குள்ள?”

“எம்மவன்தாங்கய்யா. அப்பல்லாம் காம்பராவுல கஞ்சி குடுக்க மாட்டாங்க. வெறும் தேத்தண்ணிய குடுத்துட்டு நான் பால் வெட்டப் போயிருவேன். மெலிஞ்சு மெலிஞ்சே போயிட்டான். பசின்னா என்னான்னு அவனுக்குத் தெரியும். அதான் மத்த புள்ளைங்கள பட்டினியா இருக்க விடமாட்டான்.”

ஆயா என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்களும் காலையில சாப்பிடல போல” என்று ஒரு கிண்ணம் நீட்டினார்.

இலைக்கஞ்சியின் வாசனையே எனக்கு ஆகாது. ஆனால் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை, அவர் நீட்டிய கிண்ணத்தை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.