பாராட்டினால் டயர் வெடிக்கும்

ஜவ்வாது மலையில் ஒருவர் வாய்க்கு பயந்து ஆட்கள் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தார்கள் என்றால், அது எங்கள் அலாரம் சார் வாய்க்குத்தான். இத்தனைக்கும் மனிதர் யாரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. நல்லது பேசிப் பேசியே நாலு ஊரை நடுங்கவைத்த புண்ணியவான் அவர்.

ஜமுனாமரத்தூர் பக்கத்தில் சாமையை உமி நீக்கி, கல் நீக்கி, அரிசியாக்கிப் பையில் அடைக்கிற சின்ன ஆலை. அவர் மேலாளர், நான் பில் போடுகிற ஆள். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் ஆலங்காயம். அவருக்கு மறதி என்றால் அப்படியொரு மறதி. காலையில் பைக்கில் மலையேறி வந்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், மறுநாள் வாசலில் நின்று "என் பைக்க எவனோ தூக்கிட்டான்!" என்று தெருவையே கூட்டியவர்.

இதற்கு அவர் மகள் கண்டுபிடித்த மருந்து செல்போன். செய்ய வேண்டிய வேலைகளை அதில் பதிந்து வைத்தால், நேரம் வந்ததும் ஒரு பெண் குரல் ஊருக்கே கேட்கும்படி சொல்லும். "ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவும்." "மூட்டையில் ஈரம் பார்க்கவும்." "தண்ணீர் குடிக்கவும்." சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குரல் வந்த பிறகு ஆலை ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஒருமுறை சாக்கு வியாபாரியோடு சார் மல்லுக்கு நிற்கும்போது, "புன்னகை செய்யவும்" என்றது. சார் பொசுக்கென்று சிரித்தார். வியாபாரி மிரண்டுபோய், கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

சனியன் திருப்பத்தூரில் பிடித்தது. அங்கே நடந்த ஏதோ பயிற்சியில், கூட வேலை செய்கிறவர்களை வாரத்துக்கு ஒரு தடவையாவது முகத்துக்கு நேராகப் பாராட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாருக்கு மனசு உருகிவிட்டது. ஆனால் பாராட்டவும் மறந்துபோகுமே! ஆளுக்கு ஒரு கிழமை என்று போனில் ஏற்றிவிட்டார்.

திங்கட்கிழமை டெம்போ ஓட்டும் மணி சிக்கினான். "மணியைப் பாராட்டவும்" என்றது போன். சார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "மணி! உன்ன மாதிரி வண்டி ஓட்ட இந்த மலையிலயே ஆள் கெடையாதுப்பா!"

அன்று சாயங்காலமே ஆலங்காயம் இறக்கத்தில், வளைவில் வைத்து, பின்டயர் டமார்.

"இத்தினி வருசமா ஒரு பஞ்சர் ஆனதில்ல சார்! இன்னா சார் இப்படி பண்ணிட்டீங்க?" என்று மணி அழாத குறையாக வந்து நின்றான்.

மறுநாள், நேரம் தவறாமல் வருகிறாள் என்று, அரிசியைப் பையில் அடைக்கிற ராணியைப் பாராட்டினார். அதற்கு அடுத்த நாள் அவள் ஊர் பஸ்ஸே வரவில்லை. போதாதா? மலையில் ஒருத்தரை நேருக்கு நேர் புகழ்வது என்பது கண்ணைத் தூக்கி அவர் மேல் எறிகிற மாதிரி. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. அதனால் சார் ஒரு பாராட்டை முடித்ததும், பெண்கள் களத்து ஓரத்தில் உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டுவிடுவார்கள். ஆலை முழுக்க இருமல். சார் அதைத் தூசியால் வருகிற இருமல் என்று நினைத்து எல்லோருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

நான் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், இவங்க கண்ணு பட்டுடும்னு பயப்படறாங்க."

"அட போப்பா! அதெல்லாம் கொழந்தைக்கும் புது வூட்டுக்கும்தான். வேல செய்யறவங்களுக்கு நல்ல வார்த்த சொன்னா இன்னா ஆயிடும்?"

என்ன ஆகும் என்பது ஒரு வியாழக்கிழமை தெரிந்தது. அன்று சகுந்தலாவின் முறை. கல் நீக்கும் மெஷினை ஓட்டுகிறவள் அவள். அவள் மகளுக்கு அப்போது நிறைமாசம். காலையிலேயே சாரிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், உங்களுக்குப் புண்ணியமா போவும். பொண்ணு பெத்துப் பொழைக்கிற வரைக்கும் என்னப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"சரிம்மா, சொல்லல" என்றார் சார். சொன்னதை டீ குடிப்பதற்குள் மறந்துவிட்டார்.

போன் மறக்கவில்லை. அது கூவியதும், மனிதர் மூட்டைகளுக்கு நடுவே அவளைத் தேடிப் பிடித்து, மனதாரச் சொன்னார்: "சகுந்தலா, உன் கைராசி ஆருக்கு வரும்? நீ தொட்டதெல்லாம் வெளங்குது. உன் வூட்டுக்கு ஒரு கொறையும் வராதும்மா!"

சகுந்தலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே வீட்டுக்குப் போனாள். மறுநாள் வரவில்லை.

அது எங்களுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்த வாரம். வேலூர் கடைக்காரர் அரிசியில் ஒரு கல் இருந்தாலும் மொத்தத்தையும் திருப்பிவிடுவேன் என்றிருந்தார். திரும்பி வந்தால் ஆலையை மூடச் சொல்லி மேலிடமும் முடிவாகச் சொல்லியிருந்தது. சகுந்தலா இல்லாமல் மெஷினை ஓட்டினால் கல்லும் சாமையும் கைகோத்துக்கொண்டு வந்தன. எல்லோரும் முறத்தோடு உட்கார்ந்தோம். சார் முதல் ஆளாக உட்கார்ந்து, கல்லை வைத்துக்கொண்டு சாமையை எறிந்தார்.

"ஆலைய நானே மூடிட்டேன் போலிருக்குப்பா" என்றார் என்னிடம். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நேரில் போய்க் கூப்பிடலாம் என்று கிளம்பினோம். மணிதான் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான்.

"சார், அங்க போய்ட்டு மறுபடி புகழ்ந்து கிகழ்ந்து வெச்சிடாதீங்க. திட்டுங்க" என்றான் வழியில்.

"எனக்குத் திட்ட வராதே மணி."

"மனசுல இருக்கறதயே கோவமா சொல்லுங்க சார். அவ்ளோதான்."

சகுந்தலா வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாரைப் பார்த்ததும் சகுந்தலா மகளுக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றாள். சார் தொண்டையைக் கனைத்தார்.

"நீ... நீ இன்னா பெரிய இவளா? சொல்லாம கொள்ளாம வந்துட்ட. அந்த மெஷின் எங்க பேச்ச ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. அதயும் கெடுத்து வெச்சிருக்க! உன்னால ஆலையில ஒருத்தரும் ஒழுங்கா சோறு திங்கல. மொறத்த புடிச்சி புடிச்சி எனக்கு இடுப்பு போச்சி. ஆர்டர் போனா எல்லார் பொழப்பும் போவும். உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாதா? வந்து தொலையேன்!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. சகுந்தலா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து சார் பதறிப்போனார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் அவள்.

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க சார்" என்றாள் பின்னாலிருந்து மகள். "எங்கம்மாவப் பத்தி ஒருத்தரும் இவ்ளோ பேசினதில்ல."

"முந்தியே இப்படி மரியாதையா பேசியிருந்தா நான் ஏன் சார் வர்றேன் வூட்டுக்கு?" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டெம்போவில் ஏறினாள் சகுந்தலா.

ஆர்டர் ஒரு கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. ஆலை தப்பியது. சார் போனில் இருந்ததையெல்லாம் மாற்றினார். ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் அது "ராணியை நன்றாகத் திட்டவும்" என்று கூவ, ராணி வெட்கத்தோடு எழுந்து நிற்க, அந்த மனிதர் குடித்த டீ மூக்கில் ஏறியது.

சகுந்தலா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார் சார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. ஏதாவது சொல்லிவிடப் போகிறாரே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இன்னாம்மா இது, இவ்ளோ அசிங்கமா கீது?" என்றார் சார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

சகுந்தலா அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கவே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று உள்ளே போய் உலை வைத்தாள்.

நானும் எத்தனையோ மேலாளர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். அந்த மனிதரைப் போல ஒரு உதவாக்கரையை எங்கேயும் பார்க்கவில்லை. நூறு வயசு வரைக்கும் அப்படியே கிடந்து தொலையட்டும்.