காலையில் வக்கீல், மதியம் நிருபர்

இந்நாட்டில் இனி ஒரே ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது என்பதை, மரக்காணம் பஸ் ஸ்டாண்டு எதிரே கட்டியிருந்த பேனர் ஒன்று பொதுமக்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவந்தது. சட்டமும் இதழியலும் சேர்த்து ஐந்தே வருடத்தில் இரட்டைப் பட்டம். படத்தில் ஒரு பெண் கறுப்பு கோட்டும் போட்டு, கையில் மைக்கும் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் உப்புத் தரகன். உப்பளத்தில் குவித்த உப்பைப் பேரம் பேசி லாரியில் ஏற்றி அனுப்புவது தொழில். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாவதோடு வெளியே தள்ளிவிட்டது. மிச்சத்தை என்னை ஏமாற்றினவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்றால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. மகள் வினோதினியை இழுத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போனேன்.

அட்மிஷன் போடுகிறவர் டை கட்டியிருந்தார்.

“ரெண்டு பட்டம் தர்றீங்க, சரி. மூணாவதா ஒண்ணு சேத்துக் குடுங்க, இப்பவே சேத்துடறேன்.”

“சார், இது உப்பு மூட்டை இல்ல.”

“மூட்டைன்னா நாலு கேட்டிருப்பேன்யா!”

“அப்பா, சும்மா இருப்பா,” என்றாள் வினோதினி.

கடைசியில் மூன்றாவது பட்டத்துக்குப் பதிலாக ஒரு தோள்பை கொடுத்தார்கள். ஜெயித்தது நான்தான்.

படிப்பு மிகவும் ஒழுங்காக நடந்தது. காலை வகுப்பில் சட்டப் பேராசிரியர், கட்சிக்காரர் சொன்னதை உயிரே போனாலும் வெளியே விடக்கூடாது என்பார். மதிய வகுப்பில் இதழியல் பேராசிரியர், காதில் விழுந்ததை அடுத்தவன் முந்துவதற்குள் ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பார். பிள்ளைகள் குழம்பி நின்றபோது நிர்வாகம் சுற்றறிக்கை விட்டுத் தெளிவுபடுத்தியது: மதிய உணவுக்கு முன் அறிந்தவை ரகசியம், பின் அறிந்தவை செய்தி.

அவள் கடைசி வருடம் படிக்கும்போது எங்கள் உப்பளத்துக்கு ஒரு கௌரவம் வந்து சேர்ந்தது. ‘கடலோர எழிலூட்டும் பிரிவு’ என்று ஒரு ஆபீஸ். ஈசிஆரில் பாண்டிச்சேரி போகிற கார்க்காரர்கள் இறங்கிப் போட்டோ எடுக்க அவர்கள் ஒரு செல்ஃபி மேடை கட்டினார்கள். ‘ஐ லவ் உப்பளம்’ என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. லவ் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு இதயம். எங்கே கட்டினார்கள்? பாத்திகளுக்குக் கடலோரக் கழியிலிருந்து உப்புத்தண்ணி வருகிற வாய்க்காலின் வாய்மேல். காங்கிரீட் போட்டு அடைத்தே கட்டிவிட்டார்கள். அந்தத் தண்ணி வந்து பாத்தியில் காய்ந்தால்தான் உப்பு. பங்குனிக்குள் தண்ணி ஏறாவிட்டால் அந்த வருஷ உப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

உப்பு வாருகிற சாலம்மாள் வந்து கத்தினாள்.

“இன்னாண்ணா இது? கழுத்தப் புடிச்சிக்கினு லவ் பண்றானுங்க! தண்ணி வரலன்னா எங்க வூட்ல உல கொதிக்குமா?”

வானூரிலிருந்து ஒரு வக்கீலையும், ஊர் நிருபர் ஒருவரையும் கூட்டி வரலாம் என்று நாலு பேர் சொன்னார்கள். நான்தான் பாய்ந்தேன்.

“ரெண்டும் ஒண்ணா என் வூட்லயே இருக்குது. எதுக்குய்யா ரெண்டு ஆளுக்கு டீ வாங்கித் தரணும்?”

எழிலூட்டும் பிரிவு அதிகாரி பிரபாகரன் மரியாதை தெரிந்த மனிதர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலி இல்லாததற்கு வருத்தம் தெரிவித்தார். வினோதினி உப்பளத்துக்காரர்கள் சார்பாக மனுவை நீட்டினாள். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். மதியம் அவளே கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மைக்குமாகப் போய் நின்றாள்.

“சார், வாய்க்காலை எப்ப தெறப்பீங்க?”

“மன்னிக்கணும். இது சம்பந்தமா ஒரு மனு நிலுவையில இருக்குது. பத்திரிகைக்குப் பேசக்கூடாது.”

“அந்த மனுவே என்னுதுதான் சார்.”

“அத நான் எப்படிம்மா பத்திரிகைக்குச் சொல்றது?”

அவளுக்கும் என் ரத்தம்தானே. பேட்டி இல்லாமலே செய்தி போட்டுவிட்டாள். மறுநாள் காலை மனு என்ன ஆயிற்று என்று கேட்கப் போனோம்.

“நிறுத்தி வெச்சிருக்கோம்மா. செய்தி வந்துடுச்சு. இப்ப நடவடிக்கை எடுத்தா ஆபீஸ் பத்திரிகைக்குப் பயந்துடுச்சுன்னு ஆயிடும். மொதல்ல செய்தி உண்மையான்னு ஆராயணும்.”

“வந்து பாருங்க சார். ரோட்ல நின்னாலே தெரியும்.”

“பார்த்தா நான் சாட்சி ஆயிடுவேன். சாட்சி எப்படிம்மா விசாரணை பண்றது?”

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. “யோவ், தண்ணி வருமா வராதா? அத சொல்லுய்யா!”

அவர் என்னை அன்போடு பார்த்தார். “நீங்க எந்த கோர்ஸ் சார்?”

விசாரணை நாளன்று பிரபாகரன் எதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று மனுதாரரின் தரப்புக்கு, ஒன்று செய்தியாளருக்கு. வினோதினி முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மனுவில இருக்கறது பத்திரிகைக்கு எப்படிப் போச்சு?”

“நான்தான் சார் எழுதினேன்.”

“கட்சிக்காரங்க விஷயத்த வெளிய விட்டிருக்கீங்க. சீரியஸ் மேட்டர். சரி, அந்த நாற்காலிக்குப் போங்க.”

போனாள்.

“உங்களுக்குத் தகவல் குடுத்தது யாரு?”

தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று மதிய வகுப்பில் படித்தவள். வாயை மூடிக்கொண்டாள். ‘செய்தியாளர் ஒத்துழைப்பு நல்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார். முடிவில், வினோதினியின் மீது வினோதினி புகார் கொடுக்க முன்வருகிறாரா என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவள் பதில் எழுதி முடிப்பதற்குள் பங்குனி போய்விட்டது. பாத்தி பாளம் பாளமாக வெடித்தது.

கல்லூரி அவளுக்கு முதலிடம் கொடுத்தது. வழக்கும் முடியவில்லை, செய்தியும் முடியவில்லை, இரு துறைக்கும் இதைவிட வளமான பொருள் அமையாது என்று பாராட்டினார்கள்.

அப்போதுதான் உண்மையான நெருக்கடி வந்தது. போட்டோ எடுக்க வந்த ஒருவர், உப்பளம் என்று போர்டு இருக்கிறது, பின்னால் உப்பைக் காணோம் என்று ஆன்லைனில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். மனுவுக்கு அசையாத ஆபீஸ் நட்சத்திரத்துக்கு ஆடிப்போனது. அன்று சாயங்காலமே பிரபாகரன் போன் செய்தார்.

“பலராமன் சார், மேடைக்குப் பின்னால நாலு அம்பாரம் உப்பு வேணும். நல்ல வெள்ளையா.”

“உப்பா? வாய்க்கால அடச்சிட்டு என்கிட்டயே உப்பு கேக்கறியா? ஏது உப்பு?”

“தூத்துக்குடியில இருந்து வரவழைங்க.”

முடியவே முடியாது என்றேன். அதாவது, அவர் முதலில் சொன்ன விலைக்கு. சட்டை நனைகிற வரைக்கும் அவரைப் பேரத்தில் வறுத்தெடுத்து என் விலைக்குக் கொண்டுவந்துதான் போனை வைத்தேன்.

உப்பு மட்டும் இருந்தால் போதுமா, வாருவதற்கு ஆள் தெரிய வேண்டாமா? சாலம்மாளையும் மற்றவர்களையும் ஒரே கலர் புடவை கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். பலகையால் உப்பை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும், போட்டோ எடுத்ததும் அந்தப் பக்கம் தள்ள வேண்டும். தலைக்கு மேல் பெரிய குடை. கூலியும் பாத்தியைவிடக் கொஞ்சம் கூட.

வினோதினி மட்டும் விடவில்லை. மேலிடம் வரைக்கும் ஏறி இறங்கி, வாய்க்காலைத் திறக்கச் சொல்லி உத்தரவே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜேசிபி வந்து நின்றது. சாலம்மாள் அதற்குக் குறுக்கே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏம்மா, யாரக் கேட்டு உத்தரவு வாங்கினே?”

“நீங்கதானேக்கா மனு குடுக்கச் சொன்னீங்க?”

“அப்போ சொன்னோம். அந்த வெயில்ல கால் வெந்து புண்ணாயி நிக்கறது நீயா, நானா? இப்ப தெறக்கக்கூடாதுன்னு ஒரு மனு எழுது. நீதான் படிச்சவளாச்சே.”

வினோதினி எழுதவில்லை. பிரபாகரனே எழுதிக் கொடுத்தார். பேனா கை மாறி அவளிடம் வந்தபோது முதல் கையெழுத்தைப் பார்த்தாள்.

“அப்பா, நீயா?”

“அடுத்த உப்பு லோடு திண்டிவனம் தாண்டிடுச்சும்மா. திருப்பி அனுப்ப முடியுமா?”

ஜேசிபி திரும்பிப் போனது. மேடை நிற்கிறது. போன லீவில் நீங்களும் காரை நிறுத்தி, அந்த இதயத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ‘எங்க மண்ணு, எங்க உப்பு’ என்று போட்டோ போட்டிருந்தீர்களே, பார்த்தேன். ரொம்ப நன்றாக விழுந்திருக்கிறது. தூத்துக்குடிக்காரன் கூட லைக் போட்டிருக்கிறான்.