மாட்டுக் கொம்புச் சிவப்பில் இரண்டு சிங்கங்கள்

மடக்குக் கத்தி தீட்டத் தெரியும் என்று என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த ஆள், எனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்த மாமா. அவர் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு மரக்காணத்தில் வந்து உட்கார்ந்தவர். (அறிவாளிகள் இப்படிப்பட்டவரிடம் வாயைத் திறப்பதில்லை. எனக்கு அப்போது வயது இருபத்து நாலு. எழுபதுகளில் அந்த வயதுக்கு இருந்த தலைமுடியைப் பார்த்தால் உள்ளே மூளைக்கு இடமே இல்லை என்பது தெரியும்.)

அவருடைய அதிகாரி பிரான்சுக்குக் கிளம்பும்போது கொடுத்த கத்தி அது. பித்தளைப் பிடியில் அந்த அதிகாரியின் ஊர்ச் சின்னம் வண்ணத்தில் வரைந்திருக்கும்: சிவப்புக் கேடயம், உள்ளே இரண்டு தங்கச் சிங்கங்கள், மேலே ஒரு கிரீடம். வீட்டில் நல்ல காரியம் என்றால் முதல் பழத்தை மாமா அந்தக் கத்தியால்தான் நறுக்குவார். ஞாயிறுதோறும் அவரே அதைத் தீட்டி எண்ணெய் போடுவார். அந்தத் தை மாதம் கண் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணி கட்டியிருந்ததால் முடியவில்லை.

"நிச்சயத்துக்கு ஆப்பிள் நறுக்கணும். உனக்கு இதெல்லாம் வருமாடா பாலு?"

"இன்னா மாமா இப்டி கேட்டுட்டீங்க! கண்ண மூடிக்கினு தீட்டுவேன்."

"கண்ண மூடிக்கினு நானே தீட்டுவேன். நீ தொறந்துக்கினு தீட்டு. ஒரே சாய்வுல இழு. கல்லுக்கு நல்ல தண்ணி ரெண்டு சொட்டு. ஈரம் போவ தொடச்சி, மடங்குற எடத்துல தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிடிய மட்டும் தொடாத."

நான் உப்பளத்தில் சூப்பர்வைசர். கத்தியையும் கல்லையும் வேலைக்கே எடுத்துப் போனேன். அங்கே நல்ல தண்ணீர் என்பது ஒரு மைல் தள்ளியிருந்து ஆட்கள் சுமந்து வரும் ஒரு பானை. அதைக் கத்திக்கு ஊற்ற மனம் வரவில்லை. சுற்றிலும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பளபளத்தது. அதில் ஒரு கை அள்ளிக் கல்லில் ஊற்றி, தீட்டி, துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தேன். உப்பு விளைவிக்கத் தெரிந்தவனுக்கு உப்பு என்ன செய்யும் என்று தெரியாமல் போனது.

மூன்று நாள் கழித்துத் திறந்தால், கத்தி செம்மண் ரோட்டில் கிடந்து எடுத்ததுபோல் இருந்தது. மடங்கவும் இல்லை, விரியவும் இல்லை. அப்போதாவது மாமாவிடம் ஓடியிருக்கலாம். அம்மா குத்துவிளக்குத் தேய்க்கும் புளி, உப்பு, செங்கல் தூளிடம் ஓடினேன். துரு போயிற்று. கத்தியும் விரிந்தது. தற்செயலாக நல்ல கூர் கூட வந்துவிட்டது. கையோடு கேடயம், கிரீடம், சிங்கம் எல்லாம் போய்விட்டன. பிடி எங்கள் வீட்டுக் குத்துவிளக்குக்குத் தம்பி மாதிரி மின்னியது.

விடிந்தால் நிச்சயதார்த்தம். எக்கியார்குப்பத்துக்கு சைக்கிளை மிதித்தேன். அங்கே ஏகாம்பரம் படகுக்கும், பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கும் பெயிண்ட் அடிப்பவன்.

"சிங்கம் எப்டிபா இருக்கும்? நான் பாத்ததில்லியே. மீனு கேளு, சூப்பரா வரும்."

"பூனை மாதிரி போட்டுக்கோ. பிடரி மட்டும் சேர்த்துக்கோ."

"செவப்பு, கொம்புக்கு அடிச்ச மிச்சம் கீது. மஞ்சளும் கீது."

"காலையில காஞ்சிடுமா?"

"மாட்டுக்கே காயுது, கத்திக்குக் காயாதா?"

மாட்டுக்குக் காய்ந்தது தைப்பொங்கல் வெயிலில். கத்திக்குக் கிடைத்தது கடல் காற்றின் ஈரம். மறுநாள் காலையிலும் பிடி பிசுபிசுத்தது. தொடாமல் தாம்பூலத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். "எவ்ளோ மரியாதை பாரு" என்று பெண் வீட்டார் மெச்சினார்கள்.

கண்கட்டோடு இருந்த மாமா தடவிப் பார்த்து எடுத்தார். ஆப்பிள் சத்தமில்லாமல் இரண்டாயிற்று. "பாத்தீங்களா! தீட்டுனா இப்டித் தீட்டணும்!" என்று கையை உயர்த்தினார்.

உள்ளங்கை முழுக்கச் சிவப்பு.

"ஐயையோ, ரத்தம்!" என்று மாமி அலறினார்.

அந்தக் கூடத்தில் அது ரத்தமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். எல்லோரையும் விடச் சத்தமாக அலறியவனும் நான்தான். "கை போச்சு! மாமா கை போச்சு!" என்று புது அங்கவஸ்திரத்தைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். மாமாவோ பெருமையில் மிதந்தார். "வலிக்கவே இல்லடா! வெட்டுனதே தெரியல. இதான்டா கூர்!"

கையில் அடிபட்டவரின் காலுக்கு என்ன ஆபத்து என்று யோசிக்காமல் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமா எண்பது கிலோ. நிச்சயதார்த்தமே பின்னால் ஓடி வந்தது.

அடுத்த தெருக் கம்பவுண்டர் கட்டை அவிழ்த்தார். தண்ணீர் ஊற்றினார். சிவப்பு போகவில்லை. குனிந்து பார்த்தார்.

"ரத்தத்துல மஞ்சளும் வருதே. காமாலை உண்டா?"

பிறகு மோந்து பார்த்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். கீறல்கூட இல்லாத கை வெளியே வந்தது.

"கத்தி எங்க?" என்றார் மாமா. வழி முழுக்க அதை நான்தான் இன்னொரு கையில் பிடித்திருந்தேன். கம்பவுண்டர் வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு பூனை வரைஞ்சிருக்குது சார். ஒண்ணுக்கு வாலு மீன் வாலு."

மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கும்பலில் நின்ற மாமா மகள் வசந்தாவைப் பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் என்றிருந்தவன் நான். அவளோ தலையைக் குனிந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். உப்புத் தண்ணீர், புளி, ஏகாம்பரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"சரிடா. பெயிண்டுன்னு தெரியும் இல்ல? அப்புறம் ஏன் கட்டு போட்ட?"

"ரத்தம்னு சொன்னாங்க மாமா. நம்பிட்டேன்."

வசந்தாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அழுகை என்று நான் நினைத்தது சிரிப்பு. மாமா அந்தச் சிரிப்பு வந்த பக்கம் திரும்பினார்.

"ஊரை ஏமாத்த பெயிண்ட் அடிச்சான். ஏமாந்தது இவன் ஒருத்தன்தான். இவன் எங்க என் பொண்ண ஏமாத்தப் போறான்? வாங்க, தட்டை மாத்துவோம்."

கல்யாணம் நடந்தது. கத்தி மட்டும் என் கைக்கு வரவில்லை. போன மாதம் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் நழுவி விரலில் ஆழமாக வெட்டிவிட்டது. ரத்தம் தரையெல்லாம் சொட்ட, "வசந்தா!" என்று கத்தினேன். அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அலமாரியில மண்ணெண்ணெய் இருக்குது. மொதல்ல தொடச்சிப் பாருங்க. அப்பவும் போவலைன்னா வர்றேன்."

மூன்று தையல்.