சிவப்பு விளக்கை எரியவைத்த கதை

கல்யாணமான முதல் ஆறு மாதத்துக்கு, மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. மழை வருமா என்று அவரைத்தான் கேட்பார்கள். குழம்பில் உப்பு போதுமா என்பதற்கும் அவர் வாக்குதான் தீர்ப்பு. இதெல்லாம் மரியாதைக்குச் செய்வது என்று புரியாமல், உண்மையிலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியவன் நான். (எவனாவது ஒருத்தன் எச்சரித்திருக்கலாம்.)

அப்போது எண்பதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே தபால் வழியில் ரேடியோ மெக்கானிசம் படித்தேன். பன்னிரண்டு பாடங்களில் மூன்று முடிந்திருந்தன. பெண் பார்க்கப் போன இடத்தில் என் அம்மா, "பையன் ரேடியோ இன்ஜினீயருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டாள். நானும் மறுக்கவில்லை.

முதல் ஆடிக்குத் திண்டிவனத்தில் விருந்து. ஹாலில் ஒரு எஃப்.எம். ரேடியோ செட், இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். என் மச்சான் சேகர் துபாயில் இருந்தான். தன் முதலாளி வீட்டில் கழித்துப்போட்ட பழைய செட்டை, ஊருக்கு வந்த கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். மாடியில் மூங்கில் கழி நட்டு ஏரியல் கட்டியிருந்தார்கள். சாயங்காலமானால் மெட்ராஸ் ஸ்டேஷன் லேசான இரைச்சலோடு பாடும். மாமனார் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் ஃபோர்மேன். வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, அதன் முன்னால் உட்காருவார். அது பாடி முடித்த பிறகுதான் சாப்பாடு. பிள்ளை அனுப்பிய செட்டு பாடினால், பிள்ளையே பக்கத்தில் இருப்பதுபோல அவருக்கு.

என் கண்ணில் பட்டது வேறு. செட்டின் முகப்பில் 'ஸ்டீரியோ' என்று எழுதி ஒரு சின்ன சிவப்பு விளக்கு. அது எரியவில்லை.

"என்ன மாமா, ஸ்டீரியோ லைட் எரியலையே? ரிசப்ஷன் சரியில்லை போலிருக்கே."

"அது இன்னான்னா மாப்ள..." என்று அவர் ஆரம்பித்தார். சமையலறை வாசலிலிருந்து மாமியார் ஒரு பார்வை பார்த்தார். "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று மாமனார் முடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டேஷன் ஆரம்பித்ததும் நானும் ஆரம்பித்தேன். மாடியேறி ஏரியலை மெட்ராஸ் பக்கம் திருப்பினேன். பாண்டிச்சேரி பக்கம் திருப்பினேன். (கோபத்தில் ஒருமுறை செஞ்சி பக்கமும்.) கீழேயிருந்து என் மனைவி சுமதி கத்தினாள்: "எரியலங்க! பாட்டு நல்லாத்தான் கேக்குது, வுட்டுட்டு எறங்கி வாங்க!"

இறங்கி வந்தேன், ஆனால் விடவில்லை. ஸ்டீரியோ என்றால் இரண்டு காதுக்கும் சமமாகப் போகவேண்டும் (மூன்றாம் பாடம்). கயிறு வைத்து அளந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் மாமனாரின் நாற்காலியைப் போட்டேன். அவர் உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டார். நான் அவர் தலையைப் பிடித்து நேராக்கினேன். மறுபடி திரும்பினார். மறுபடி நேராக்கினேன்.

அப்புறம்தான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ஸ்க்ரூடிரைவரோடு மூடியைத் திறந்தேன். உள்ளே கம்பி சுற்றிய காயில்களின் திருகாணிகளை, யாரும் திருகாதபடி மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். அடைத்தவனுக்கு என்னைவிட அறிவு அதிகம் என்று அப்போது தோன்றவில்லை. மெழுகைச் சுரண்டிவிட்டு ஒன்றைத் திருகினேன், இன்னொன்றைத் திருகினேன். மூன்றாவது 'டிக்' என்று உடைந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது! அதே நொடியில் பாட்டு நின்றுபோய், இரண்டு ஸ்பீக்கரிலும் அப்பளம் பொரிக்கிற சத்தம் வந்தது.

"மாமா! எரிஞ்சிடுச்சி!"

அவர் செட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாங்க மாப்ள. லைட்டு நல்லா எரியுது" என்றார்.

அப்பளச் சத்தத்துக்கு முன்னால் வழக்கமான நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே எனக்காகத் தலையும் ஆட்டினார். பிறகு வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

கிணற்றடியில் சுமதி என்னை மடக்கினாள். கையில் அவள் அண்ணன் சேகரின் கடிதம். "படிங்க" என்றாள். 'அப்பா, நம்ம ஊரில் அந்த சிவப்பு லைட் எரியாது. மெட்ராஸ் ஸ்டேஷனில் ஸ்டீரியோ அனுப்புவதில்லை. ரிப்பேர் என்று நினைத்து யாரையும் செட்டைத் திறக்க விடாதீர்கள்' என்று எழுதியிருந்தான்.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"புது மாப்பிள்ளய எதுத்துப் பேசக்கூடாதுன்னு அம்மா எல்லார் வாயையும் கட்டி வெச்சிருந்தாங்க. அதான் பேஜாரா பூட்ச்சி. சும்மா சும்மா எங்கப்பா தலைய நிமித்திக்கினு இருந்தீங்களே, அவருக்கு எடது காது சுத்தமா கேக்காதுங்க. மில்லு மெஷின் சத்தத்துல போச்சி. அவருக்கு எதுக்கு ரெண்டு பக்கமும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்கிற ஒரு காதுக்கு இருந்த பாட்டையும் நான் பிடுங்கிவிட்டேனே.

காலையில் செட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். ஸ்டேஷன் ரோட்டு மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "எந்தப் புண்ணியவான் சார் இதுல கைய வெச்சது?" என்றார். "என் மச்சான்" என்றேன். (துபாய்க்குக் கேட்கவா போகிறது.) அவர் எந்த உடைசல் செட்டிலிருந்தோ ஒரு காயில் தேடி எடுத்துப் போட்டு, ஒரு வாரத்தில் பாடவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் செட்டை மாட்டினேன். இந்த முறை நாற்காலியை நானே பக்கவாட்டில், அவருடைய வலது காது செட்டைப் பார்க்கும்படி போட்டேன். அவர் நாற்காலியைப் பார்த்தார்.

"சுமதி சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா மாமா. என்னை மன்னிச்சிடுங்க."

விளக்கு எரியவில்லை. லேசான இரைச்சலோடு ஒரு பெண் குரல் பாடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டி, "லைட்டு எரியலன்னு மனசுல வெச்சிக்காதீங்க மாப்ள" என்றார். தப்பு செய்தவனுக்கு ஆறுதலும் அவரே சொன்னார். அன்று எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

என் மாப்பிள்ளை மரியாதை அத்தோடு முடிந்தது. மாமியார் உட்பட எல்லோரும் என்னை முகத்துக்கு நேராக மறுத்துப் பேச ஆரம்பித்தார்கள். மாமனார் மட்டும் கடைசிவரை மறுக்கவில்லை. "மாமா, எனக்கு ஒரு யோசனை" என்று நான் ஆரம்பித்தால், மெதுவாக இடது காதை என் பக்கம் திருப்பிக்கொள்வார். முடிகிற வரைக்கும் தலையாட்டுவார். பிறகு, "சரிங்க மாப்ள" என்பார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. என் பேத்தி அவரைப் பார்த்ததே இல்லை, சுமதி சொல்லக் கேட்டதோடு சரி. நான் "ஒரு யோசனை" என்று வாயைத் திறந்தால் போதும், அவளும் இடது காதைத்தான் காட்டுகிறாள்.