என் அறைக்குள் கால்வாய் வெட்டிய பனாமா அண்ணை

இத்தாலியத் தீவு நகரமான பலேர்மோவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் கடற்படைத் தளம் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பனாமா அண்ணைதான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். முட்டை அடுக்கும் தட்டுதான் அந்தத் தளம். பெட்டி என்னுடையது, அதற்குள் இருந்த மீனும் மரக்கறியும் என்னுடையவை, முட்டைத் தட்டு மட்டும் அவருடையது. ஏன் என்று கேட்டால், கியூபாவைவிட்டு வெளியேறிய அமெரிக்கா குவான்தானாமோத் தளத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லையா என்று திருப்பிக் கேட்பார். கியூபாவாலேயே கிளப்ப முடியாதவர்களை நான் எந்த மூலைக்குக் கிளப்புவது?

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒன்பது வருடம் ஒன்றாக இருந்தோம். ஆளுக்கோர் அறை, நடுவில் ஒரு நடை, ஒரு சமையலறை, ஒரு பல்கனி. நான் பொலிதேயாமாப் பக்கம் ஓர் இத்தாலிய அம்மா வீட்டில் வேலை செய்தேன். அண்ணை குளிர்காலத்தில் நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் ஆரஞ்சுப் பழம் பிடுங்குவார், மற்ற மாதங்களில் ஊரார் வீட்டு மாடிப்படிகளைக் கழுவுவார். இதில் அமெரிக்கா எங்கே வந்தது என்று கேட்பீர்கள்.

வன்னியில் அவர் உயர்தரப் பரீட்சைக்கு வரலாறு படித்தவர். கட்டாயம் வரும் என்று வாத்தியார் சத்தியம் பண்ணிய ஒரே ஒரு கேள்விக்குத்தான் தயாரித்திருந்தாராம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா கடல் கடந்து கால் பதித்தது எப்படி என்பதுதான் அந்தக் கேள்வி. பரீட்சைக்கு முதல் கிழமை ஊரே இடம்பெயர்ந்தது. மண்டபமும் இல்லை, கேள்வித்தாளும் இல்லை. மனப்பாடம் செய்த விடை மட்டும் வயிற்றுக்குள் அப்படியே தங்கிவிட்டது. அதை இறக்கிவைக்க ஆள் தேடித் திரிந்தவரிடம் நான் வசமாக அகப்பட்டுக்கொண்டேன். பல் துலக்கும்போது பிலிப்பைன்ஸ், வெங்காயம் உரிக்கும்போது ஹவாய். காய்ச்சலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தபோதும் கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு குவாம் தீவைப் பிடித்தார்.

வெறும் பேச்சோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். மனிதர் செய்தும் காட்டினார். சீனாவின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அமெரிக்கா அன்றைக்குக் கேட்டதாம். அதனால் என் சமையல் அலுமாரியும் திறந்தே இருக்க வேண்டும் என்றார். அவருடைய அலுமாரிக்குப் பூட்டு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது, அந்தக் கொள்கை சீனாவுக்குத்தான், வாஷிங்டனுக்கு இல்லை என்று விளக்கம் வந்தது. ஒருமுறை கீழ்வீட்டுக்காரரோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை. அண்ணை தான் உடுக்கும் பதினாறு வெள்ளைச் சாரங்களையும் தோய்த்துப் பல்கனியில் வரிசையாகப் பறக்கவிட்டார். அமெரிக்கா பதினாறு வெள்ளைப் போர்க்கப்பல்களை உலகம் சுற்ற அனுப்பியே எல்லாரையும் அடக்கியதாக அவருடைய விடையில் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சண்டையை விட்டுவிட்டார்.

பெயர் வந்த கதை இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பல்கனிக்குப் போக அண்ணை நடையைக் கடந்து, சமையலறையைச் சுற்ற வேண்டும். என் அறையிலும் பல்கனிக்கு ஒரு கதவு உண்டு. அதை மறைத்து என் உடுப்பு அலுமாரி நின்றது. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அலுமாரி மூலையில் கிடக்கிறது. கதவு திறந்திருக்கிறது. அண்ணை ஈரச் சாரங்களோடு என் அறைக்குள்ளால் போய்க்கொண்டிருக்கிறார்.

“ஆரண்ணை உதைத் தள்ளினது?”

“அது தானாப் பிரிஞ்சு போனது, தம்பி. நான் உடனை அங்கீகரிச்சன், அவ்வளவுதான்.”

கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்ததும் மூன்று நாளில் அமெரிக்கா அங்கீகரித்து, இரண்டு கிழமையில் கால்வாய் ஒப்பந்தமும் போட்டதை அன்று சோறு ஆறும்வரை விளக்கினார். கால்வாய் என்றால் இரண்டு கரையும் வேண்டுமாம். மறுநாள் பாதையின் இரு பக்கமும் அவருடைய பிளாஸ்டிக் கதிரைகள் நின்றன. சந்தை முழுக்க அவருக்குப் பனாமா என்ற பெயரை நான்தான் பரப்பினேன். அவர் அதைப் பட்டம் கிடைத்ததுபோல ஏற்றுக்கொண்டார்.

இனி என் குடும்ப விசயத்துக்கு வருகிறேன். மனைவி சுகந்தியையும் மகளையும் வவுனியாவிலிருந்து கூப்பிட விண்ணப்பம் போட்டேன். நான் புறப்பட்டபோது மூன்று வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு. அவளுக்கு அப்பா என்பது கைப்பேசிக்குள் இருக்கும் ஓர் ஆள். அவர்களைக் கூப்பிட நகரசபையின் வீட்டுத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். வீட்டின் அளவு மூன்று பேருக்குப் போதும் என்றார்கள். ஆனால் பதிவில் ஏற்கெனவே இருக்கும் ஆளையும் சேர்த்தால் நாலு பேர் வருகிறது.

நாலாவது ஆள் என் கூடப்பிறந்த அண்ணன்.

அது நான் செய்த வேலைதான். முதன்முதல் நகரசபையில் விலாசம் பதியப் போனபோது, இவர் உனக்கு யார் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டார். அண்ணை பக்கத்தில் நிற்கிறார். ஒன்றாக வாடகைக்கு இருக்கிறோம், வேறொன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் எழும்? கூடப்பிறந்தவர் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பெயர்களில் எது தகப்பன் பெயர், எது பிள்ளை பெயர் என்று ஏற்கெனவே களைத்துப்போயிருந்த அந்தப் பெண்ணும் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டார். இப்போது அண்ணை வேறு விலாசத்துக்குப் பதிவை மாற்றினால்தான் என் பிள்ளை விமானம் ஏற முடியும்.

கேட்க இரண்டு கிழமை தைரியம் வரவில்லை. அமெரிக்கா ஹெயிட்டியில் இறங்கியபின் பத்தொன்பது வருடம் அசையவில்லை என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். பத்தொன்பது வருடத்தில் என் மகளுக்குக் கல்யாணமே முடிந்துவிடும். கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அண்ணை சாப்பிட்டு முடித்தார். தன் சோற்றுக் கோப்பையைத் தானே கழுவினார். ஒன்பது வருடத்தில் நான் காணாத காட்சி அது. பிறகு அறைக்குள் போய், கியூபாவோடு அமெரிக்கா போட்ட ஒப்பந்தம்போல ஒரு தாளோடு வந்து நிமிர்ந்து நின்று வாசித்தார். மாத முடிவில் வெளியேறுவார். முட்டைத் தட்டு என்றைக்கும் அவருக்கே. புருசன் பெண்சாதி சண்டை பிடித்தால் உள்ளே வந்து ஒழுங்கை நிலைநாட்டும் உரிமை அவருக்கு உண்டு. சியாகுல்லியில் தோட்டக்காரர் பெரிய அறை தருகிறார், யன்னலைத் திறந்தால் தோட்டம் முழுக்கத் தெரியும் என்றும் சொன்னார். நான் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

போனார், பதிவையும் மாற்றினார். வீட்டை அளக்க ஒரு பொறியியலாளர் வந்தார். சுவரில் சிவப்புப் புள்ளி விழுத்தும் கருவியோடு அவர் அறை அறையாகப் போய்க்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. வாசலில் பனாமா அண்ணை, கையில் ஒரு பை முட்டை. பொறியியலாளர் தாளைப் பார்த்துவிட்டு, இங்கே இருந்த சகோதரர் இவர்தானா, உண்மையில் போய்விட்டாரா என்று கேட்டார். அண்ணை வாயைத் திறந்தார். உலகப் போரில் இந்தத் தீவிலேயே அமெரிக்கப் படை வந்திறங்கிய கதையை எடுக்கப்போகிறார், என் குடும்பம் வவுனியாவிலேயே இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். வாசற்படிக்கு வெளியே நின்றார். என் அறைக்கு ஒருநாளும் கதவு தட்டி வராத மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உள்ளுக்கு வரலாமோ, தம்பி?”

பிறகு பொறியியலாளரிடம் இத்தாலிய மொழியில், தான் சியாகுல்லியில் இருப்பதாகவும் தம்பியைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் மரியாதையாகச் சொன்னார். நான் கூப்பிட்டும் படி தாண்டவில்லை. முட்டைப் பையை என் கையில் தந்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பொறியியலாளர் கையெழுத்துப் போட்டார். கதவைச் சாத்திவிட்டு அப்படியே நடையில் குந்தினேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னது சந்தைவரை கேட்டிருக்கும்.

சுகந்தியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் இவ்வளவு கட்டையா அப்பா என்று கேட்டாள். ஒன்பது வருடப் பாரம் அந்த ஒரு கேள்வியில் இறங்கியது. அடுத்த ஞாயிறு சுகந்தி சோறும் நண்டுக் குழம்பும் கட்டித்தர, அண்ணையைப் பார்க்கச் சியாகுல்லிக்குப் போனேன்.

பழப்பெட்டிகள் அடுக்கும் கொட்டிலின் பின்பக்கம் ஓர் அறை. மூன்று கட்டில், மூன்று பேர். யன்னல் என்று ஒன்று இருந்தது, பெட்டிகள் அதை முட்டிக்கொண்டு நின்றன. அண்ணை கட்டில் விளிம்பில் இருந்தார். அவருடைய சாமான் எல்லாம் கட்டிலுக்கு அடியில். ஒரு துவாய்கூட அடுத்தவர் பக்கம் தொங்கவில்லை.

“பெரிய அறை எண்டெல்லோ சொன்னனீங்கள், அண்ணை?”

“அப்பிடிச் சொல்லாட்டி நீர் கையெழுத்துப் போட்டிருப்பீரோ?”

நான் சோற்றுப் பொதியை அவிழ்த்து வைத்தேன். அண்ணை நண்டுக் குழம்பை ரசித்துச் சாப்பிட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாளா, சுகந்திக்கு இந்த ஊர்ப் பாண் சாப்பிடப் பிடிக்கிறதா என்று விசாரித்தார். பிறகு மண்டரின் மரங்களுக்கு நடுவால் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழி முழுக்க நிக்கராகுவா. பலமுறை கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லையும் விடாமல் கேட்டேன்.

பஸ் வந்து நின்றது. அண்ணை அப்போதுதான் படையைக் கரையில் இறக்கியிருந்தார். என்னை விட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சாரதிக்குக் கையைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த பஸ் ஒன்றரை மணித்தியாலம் கழித்துத்தான் வரும்.